மருதமுனைச் சேலையும் கடற் பயணமும்

பயணஞ் செல்வோர்க்கு வழிகாட்டும் நூல்கள் பல உள. காண வேண்டிய இடங்களையும் உண்ண வேண்டிய உணவுகளையும் அவை விரிவாக எடுத்துரைக்கும். உடுத்த உடையை எங்கே, எவ்வாறு அலசுவது என்பதை மட்டும் அவற்றுட் பல சொல்லாமலே விட்டுவிடும். வீட்டில் இருக்கும்போது கிணறும் கொடியும் வெயிலும் நம் ஏவலுக்குக் காத்திருக்கின்றன. ஆதலின் அவற்றின் அருமை நமக்குப் புலப்படுவதில்லை. கப்பலேறி இரண்டு நாட் சென்ற பின்னரே, நாற்புறமும் நீர் சூழ்ந்திருந்தும் ஒரு சேலையை அலசுதற்கு வழி தெரியாத நிலை உண்டாகிறது.

கந்தையானாலும் கசக்கிக் கட்ட வேண்டும் என்பது நம்மவர் பழமொழி. கந்தையைக் கசக்கலாம், கைத்தறிச் சேலையைக் கசக்கலாமா? இவ்வினாவுக்கு விடை தேடுவோர், அச்சேலை பிறக்கும் ஊருக்கே போய்க் கேட்பது நன்று. நம் கிழக்குக் கரையில் அத்தகைய ஊர் ஒன்று உண்டு. முதலில் அவ்வூருக்குச் செல்வோம். பின்னர் அங்குக் கற்ற பாடத்தோடு கப்பலேறுவோம்.

கரையோரத்து ஊர்கள்

மட்டக்களப்பிலிருந்து தெற்கு நோக்கி வரும் பெருந்தெரு, ஒரு புறம் வங்கக் கடலும் மறுபுறம் வாவியும் வயலுமாக நீண்டு கிடக்கிறது. காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்லாறு ஆகிய ஊர்களைக் கடந்து பெரியநீலாவணையை அடைந்ததும் அம்பாறை மாவட்டம் தொடங்கிவிடும். அதன்பின் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. எந்த ஊர் எங்கே முடிந்து எந்த ஊர் எங்கே தொடங்குகிறதென்று புதிதாய் வருவோர் அறிதல் அரிது. பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் கோயிலின் தீமிதிப்பு. கல்முனைக்குடியில் நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாகக் கொடியேறும் கடற்கரைப் பள்ளிவாசல். காரைதீவில் விபுலாநந்த அடிகள் 1892 ஆம் ஆண்டிற் பிறந்த மண். இந்துக்களும் முஸ்லிம்களும் ஒரே தமிழைப் பேசி, ஒரே சந்தையில் மீன் வாங்கி வாழும் கரை இது.

இக்கரையிலே துணிக்குப் பெயர் பெற்ற ஊர் மருதமுனை. முஸ்லிம் மக்கள் வாழும் இவ்வூரின் கைத்தறிச் சேலையும் சாரமும் இலங்கை முழுவதிலும் அறியப்பட்டவை. தெருவினுள் நடந்து சென்றால், வேலிக்கப்பால் தறியடிக்கும் ஓசை காதில் விழும். முன்னாளில் அவ்வோசை இன்னும் மிகுதியாய் இருந்தது என்று முதியோர் கூறுவர். அதற்குக் காரணம் உண்டு. 1970 முதல் 1977 வரை வெளிநாட்டுத் துணியின் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில், நாட்டின் கைத்தறிகள் செழித்தன. 1977 இன் பின் சந்தை திறந்துவிடப்பட, மலிவான ஆலைத் துணிகள் வந்து குவிந்தன. தறிகள் பல ஓய்ந்தன. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை இவ்வூரின் கரையோரத்தை அடித்துச் சென்றபோது உயிர்களும் உடைமைகளும் பேரளவில் அழிந்தன. இத்தனைக்குப் பின்னும் தறி நின்றுவிடவில்லை என்பதே வியப்பு.

தறி கற்பிக்கும் பாடம்

கைத்தறித் துணியின் இயல்பை அறிந்தாலன்றி அதனை அலசும் முறையை அறிய முடியாது. பாவு என்பது நீளவாக்கில் இழுத்துக் கட்டப்பட்ட நூல். ஊடை என்பது அதனைக் குறுக்காகக் கடந்து செல்லும் நூல். தறியில் இருக்கும்போது பாவு நூல் முறுக்கேறிய வீணை நரம்பு போல் விறைத்து நிற்கும். அறுந்து போகாதிருக்க அதற்குப் பசையிடுவர். துணி தறியை விட்டு இறங்கியதும் விறைப்புத் தளர்கிறது. முதன் முறை நீரில் நனையும்போது இழைகள் தம் இயல்பான நிலைக்குத் திரும்பித் துணி சற்றே சுருங்குகிறது. பசையும் கரைந்து வெளியேறுகிறது. ஆதலின் புதிய கைத்தறிச் சேலையின் முதல் நனைப்பு ஒரு சடங்கைப் போன்றது. அதனை வீட்டிலேயே, நம் கிணற்று நீரிலேயே செய்து முடித்தல் வேண்டும்.

சாயத்தின் செய்தியும் இவ்வாறே. இழையினுள் ஊன்றிப் பதியும் சாயங்கள் உண்டு. மேலே பற்றிக்கொண்டு நிற்கும் சாயங்களும் உண்டு. பின்னையவை முதல் இரண்டு மூன்று அலசல்களில் மிகுதியை விட்டுக்கொடுக்கும். சிவப்பும் கருநீலமும் கலந்த கரையுள்ள சேலையை வெள்ளைத் துணியோடு ஊறவைத்தால், சேலையும் கெடும், வெள்ளையும் கெடும். இதனை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. முந்தானையின் உட்பக்க மூலையை நனைத்து, ஒரு வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஏறுமானால், அச்சேலையைத் தனியே அலசுதல் வேண்டும்.

நெசவு செய்யும் பெரியவர் ஒருவரைக் ‘காக்கா’ என்று விளித்துப் பேச்சுக் கொடுத்தபோது, அவர் மனத்தை உறுத்தும் குறையொன்றைச் சொன்னார். சேலையை வாங்கிச் செல்வோர் ஒரு முறை அதனைச் சுடுநீரில் ஊறவைத்து அடித்துத் துவைக்கிறார்கள், நிறம் போய்விடுகிறது, மருதமுனைத் துணி ஆகாது என்று முடிவு செய்து அடுத்த முறை செயற்கை இழைச் சேலையை வாங்குகிறார்கள், பழி தறிக்கு வந்து சேருகிறது என்பது அவர் குறை. எண்ணிப் பார்த்தால் இஃது உண்மையே. ஒரு குடும்பம் ஒரு சேலையை அலசத் தெரியாமற் போனால், அக்குடும்பத்தின் அடுத்த பத்துச் சேலைகளைத் தறி இழந்துவிடுகிறது. அலசும் அறிவும் நெசவுத் தொழிலின் ஒரு பாகமே.

நீரும் உப்பும்

இக்கரையில் கடலுக்கு மிக அணித்தே தோண்டிய கிணறுகளிலும் நன்னீர் ஊறும். மழைநீர் மணலுள் இறங்கி, அடியிலுள்ள கனத்த உவர்நீரின்மேல் மெல்லிய படலமாய் மிதந்து நிற்பதே அதற்குக் காரணம். ஆழிப்பேரலையின்போது கடல்நீர் கிணறுகளுட் புகுந்து அப்படலத்தைக் குலைத்துவிட்டது. அதன்பின் பல நாள் குடிப்பதற்கு மட்டுமன்றித் துவைப்பதற்கும் நன்னீர் அரிதாயிற்று. உவர்நீரிற் சவர்க்காரம் நுரையாது என்பதை இக்கரைப் பெண்கள் நூலிற் படித்து அறியவில்லை. தம் கைகளால் அறிந்தார்கள்.

இதன் காரணத்தை மாணவர்கள் தெரிந்துகொள்ளுதல் நலம். ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புக்கள் கரைந்துள்ளன. அவற்றுள் கல்சியமும் மகனீசியமும் சவர்க்காரத்தோடு சேர்ந்து, நீரிற் கரையாத வெண்படிவாக மாறித் துணியில் ஒட்டிக்கொள்ளும். கறியுப்பின் மிகுதியோ சவர்க்காரத்தைக் கரையவிடாது பிரித்துத் தள்ளும். தேங்காய் எண்ணெயிற் செய்த சவர்க்காரம் இவ்விடையூற்றை மற்றவற்றினும் நன்கு தாங்கும். ஆதலினாலேயே மாலுமிகளுக்கென்று செய்யப்பட்ட சவர்க்காரத்தில் அவ்வெண்ணெய் இடம் பெற்றது. தென்னை சூழ்ந்த கரையினராகிய நமக்கு இது மகிழ்ச்சி தரும் செய்தியன்றோ?

கடல்நீரில் அலசிய துணிக்கு இன்னொரு குறையும் உண்டு. அது காய்ந்தது போலத் தோன்றும். உடுத்ததும் ஈரம் உணரப்படும். இழைகளுக்கிடையே தங்கிய உப்பு, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்வதே காரணம். பாய்க்கப்பற் காலத்து மாலுமிகள் மழை பெய்யும்போது பாயை விரித்து நீர் பிடித்து, அந்நாளைத் துவைக்கும் நாளாகக் கொண்டாடினர். இக்காலப் பெருங்கப்பல்கள் கடல்நீரைக் காய்ச்சி வடித்தோ, நுண்ணிய சவ்வினூடே அழுத்திச் செலுத்தியோ நன்னீர் ஆக்கிக்கொள்கின்றன. கப்பலறையிற் குழாயைத் திறந்தால் வரும் நீர் அலசுவதற்கு ஏற்றதே. ஆயினும் அஃது எரிபொருள் செலவிட்டுப் பெற்ற நீர் என்பதை மறத்தலாகாது.

கப்பலிற் சென்ற உடைகள்

இக்கரை முஸ்லிம் பெருமக்களுக்குக் கடற் பயணமும் தூய உடையும் சேர்ந்த நினைவு ஒன்று உண்டு. விமானப் பயணம் பரவுமுன், மக்காவை நோக்கிய புனித யாத்திரை பெரும்பாலும் கப்பலிலேயே நடைபெற்றது. மும்பாயிலிருந்து யாத்திரிகரை ஏற்றிச் சென்ற கப்பற் சேவை 1995 வரை நீடித்தது. ஆடவர் அணியும் இஹ்ராம் என்பது தையலில்லாத இரண்டு வெள்ளைத் துணிகள். இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து கடல் வழியே செல்வோர்க்கு யலம்லம் என்னும் இடத்தின் நேரே கப்பல் வரும்போது அவ்வுடையோடு இருத்தல் விதி. பிரயாணத்தின் நெருக்கடியிலும் புழுக்கத்திலும் அவ்வெள்ளையை மாசுபடாது பாதுகாத்து, குறித்த வேளையில் எடுத்து உடுத்துவது எளிய செயலன்று. இஹ்ராம் நிலையிலும் துணியை மாற்றலாம், அலசலாம். ஆயின் வாசனை கலந்த சவர்க்காரம் விலக்கு. செல்வனும் வறியவனும் ஒரே வெள்ளையில் நிற்கும் அக்காட்சியைப் பிற சமயத்தவராகிய நாமும் எண்ணி வியக்கலாம்.

உடையைப் பாதுகாப்பதே பயணத்தின் நோக்கமாகிவிடலாகாது என்பதற்கு மகாத்மா காந்தி தம் சத்திய சோதனையிற் கூறும் நிகழ்ச்சி சான்று. 1888 இல் பம்பாயிலிருந்து இங்கிலாந்து சென்ற அவ்விளைஞர், கப்பலிற் கறுப்புடையையே உடுத்து, வெள்ளைக் கம்பளியுடையைக் கரையிறங்கும் நாளுக்கென்று பொத்தி வைத்திருந்தார். செப்டம்பர் மாதக் கடைசியில் அவர் கரையிறங்கியபோது, அங்கு வெள்ளை உடுத்தவர் அவர் ஒருவரே! பெட்டிகளோ பின்னால் வரும்படி ஒப்படைக்கப்பட்டிருந்தன. இடையில் ஞாயிற்றுக்கிழமை வேறு. உடை மாற்ற வழியின்றி அவர் நாணினார். பின்னர்த் தென்னாபிரிக்காவில் சலவைச் செலவு மிகுந்தமை கண்டு, துவைத்தலைப் பற்றிய நூலொன்றை வாங்கிப் படித்துத் தாமே துவைக்கலானார். முதன் முதல் மினுக்கிய கழுத்துப் பட்டியிலிருந்து கஞ்சிமா உதிர, உடனிருந்த வழக்கறிஞர்கள் நகைத்தனர். அவரோ அந்நகைப்பைப் பொருட்படுத்தவில்லை.

நம் கடலிலும் பயணக் கப்பல்கள் வந்து போனவையே. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே 1914 இல் தொடங்கிய கப்பற் போக்குவரத்து, 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது முறிந்தது. பின் இராமேசுவரம் வழியாக 1984 வரை நடந்தது. 2023 ஒக்டோபர் 14 இல் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் படகுச் சேவை தொடங்கிற்று. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘எம்பிரஸ்’ என்னும் உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளைத் தொட்டுச் சென்றது. பல நாள் கடலில் தங்கும் பயணம் செல்வந்தர்க்கே உரியது என்றிருந்த காலம் மாறி வருகின்றது. ஆதலின் இனி வருவது வீண் உபதேசமன்று.

கப்பலறையில் ஒரு சேலை

கப்பலறைக்குள் மினுக்கி கொண்டு செல்ல விடமாட்டார்கள். கடல் நடுவே தீயைப் போன்ற பகை வேறில்லை என்பதே காரணம். பெரும்பாலான கப்பல்களில் சலவைப் பகுதி உண்டு. ஒவ்வோர் உடுப்புக்கும் தனித்தனியே கூலி கணக்கிடுவர். சட்டை, காற்சட்டை, படுக்கைத் துணி முதலியவற்றை அங்கே கொடுக்கலாம். கைத்தறிச் சேலையையும் பட்டையும் கொடுப்பதற்கு முன் இருமுறை சிந்தியுங்கள். சுடுநீரும் சூடான உலர்த்தும் பொறியும் அங்கே எல்லாத் துணிக்கும் பொதுவாகிவிடக் கூடும். ஆலையுடுப்பின் கழுத்திலே அலசும் முறை கூறும் குறிகள் தைக்கப்பட்டிருக்கும். கைத்தறிச் சேலைக்கு அத்தகைய குறி பெரும்பாலும் இராது. அதன் குறியை நாமே அறிந்திருத்தல் வேண்டும்.

புறப்படுமுன் சேலையை வீட்டில் இரண்டு முறை தனியே அலசிவிடுக. கஞ்சியிட வேண்டாம், ஈரக் காற்றிற் கஞ்சியிட்ட துணியிற் பூஞ்சணம் எளிதிற் பிடிக்கும். பெட்டியில் அடுக்கும்போது மடிப்பதைவிடச் சுருட்டுவது நன்று. சரிகையுள்ளதாயின் பழைய வெள்ளை வேட்டித் துண்டொன்றிற் பொதிந்து வைக்க. பொலித்தீன் பையில் அடைத்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாது.

அறையிலுள்ள கைகழுவும் தொட்டியே அலசுவதற்குப் போதும். குளிர்ந்த நீரிற் காரமற்ற திரவச் சவர்க்காரத்தைச் சிறிதளவு கலந்த பின்னரே துணியை இடுக. ஐந்து நிமிடத்துக்கு மேல் ஊறவிடலாகாது. கையால் அமுக்கி அமுக்கி அலசுக. தேய்க்கவோ முறுக்கவோ வேண்டாம். பருத்தி நனைந்தபோது வலிமை மிகும் இயல்புடையது. பட்டும் ரேயோனும் நனைந்தால் வலிமை குன்றும். ஆகவே பருத்தியைக் கையாளும் துணிவோடு பட்டைக் கையாளலாகாது. வெளுக்கும் குளோரீன் தூளைப் பட்டின் அருகிலும் கொண்டுவர வேண்டாம்.

அலசிய சேலையைப் பெரிய துவாயொன்றின்மேல் விரித்து, இரண்டையும் சேர்த்துப் பாய் சுருட்டுவது போலச் சுருட்டி அழுத்துக. நீரிற் பெரும்பகுதியைத் துவாய் குடித்துவிடும். பின் நான்காக மடித்துக் குளியலறைக் கொடியில் இடுக. குளிரூட்டிய அறையின் காற்று ஈரங் குறைந்ததாதலின், இரவில் இட்டது பெரும்பாலும் காலையில் உலர்ந்திருக்கும். கப்பலின் வெளித்தாழ்வாரத்தில் உலர்த்துவது பல கப்பல்களில் விலக்கு. விலக்கில்லாவிடினும் அது தகாது. உப்புக் காற்று துணியிற் படிந்து, அலசிய பயனைக் கெடுத்துவிடும். மருதமுனைக் கரையிலும் வீட்டின் உட்பக்க முற்றத்து நிழலிலே, ஆனி ஆடி மாதத்துக் கச்சான் காற்றிற் சேலையை உலர்த்துதல் இதனால் நன்று. அக்காற்று மேற்கே தரைப்பக்கத்திலிருந்து வருவது, வறண்டது, உப்பற்றது.

மினுக்கி இல்லையே என்று கவலற்க. ஈரஞ் சற்று இருக்கும்போதே இருவர் இரு தலைப்பையும் பிடித்து, உதறி, கரையோடு கரை சேர இழுத்து மடித்தால் சுருக்கம் பெரிதும் நீங்கிவிடும். நம் வீட்டு முற்றங்களில் தாயும் மகளும் சேலையின் இரு முனைகளில் நின்று செய்த வேலைதான் இது. மடித்ததை மெத்தையின் கீழே ஓரிரவு வைத்தால் மினுக்கியது போலவே இருக்கும்.

கறைகளுள் நம்மவர்க்கு உற்றது கறிக் கறை. மஞ்சள் பட்ட இடத்திற் சவர்க்காரத்தைத் தேய்த்ததும் அது சிவந்து அச்சுறுத்தும். காரப்பொருள் பட்டால் மஞ்சள் சிவப்பது இயற்கை. கறை பெருகியதாக எண்ண வேண்டாம். நன்கு அலசிய பின் கரையிறங்கிய நாளில் வெயில் காட்டினால், மஞ்சள் தானே வெளிறிப் போகும். சாயச் சேலையாயின் நெடுநேரம் வெயிலில் விடலாகாது. எண்ணெய்க் கறையின்மேல் உடனே முகத்துக்கிடும் மாவைத் தூவி, சிறிது பொறுத்துத் தட்டிவிடுக. இரத்தக் கறைக்குக் குளிர்நீரே மருந்து. சுடுநீர் அதனை நிலைபெறச் செய்துவிடும்.

அலசும் கைகள்

கப்பலின் மேற்றளத்தில் இசையும் விருந்தும் நடக்க, கீழே நீராவிப் புழுக்கத்தில் நின்று துவைப்போரை யாரும் நினைப்பதில்லை. பிரித்தானியக் கடற்படைக் கப்பல்களில் நெடுங்காலமாக ஹொங்கொங் சீனர் சலவைத் தொழில் செய்து வந்தனர். 1982 ஆம் ஆண்டுப் போக்லாந்துப் போரில் ‘ஷெஃபீல்ட்’, ‘கொவென்றி’ ஆகிய போர்க்கப்பல்கள் தாக்குண்டு அழிந்தபோது, மாண்டவர்களுள் சலவைத் தொழிலாளரும் இருந்தனர். படைக்கலம் ஏந்தாது, பிறர் சட்டையை வெளுத்துக் கொடுக்கச் சென்றவர்கள் அவர்கள். நம் ஊர்களிலும் வெள்ளாவி வைத்து, ஊராரின் மங்கலத்துக்கும் துயருக்கும் மாற்று விரித்தவர்களை நாம் எத்துணை மதித்தோம் என்பதை ஒவ்வொருவரும் தம் நெஞ்சையே கேட்டுக்கொள்ளலாம். நம் சேலையை நாமே ஒரு முறை அலசினால், அத்தொழிலின் அருமை விளங்கும். பிள்ளைகளுக்கும், பெண்பிள்ளைகளுக்கு மட்டுமன்றி ஆண்பிள்ளைகளுக்கும், இதனைக் கற்பிப்பது நல்ல கல்வி.

அடுத்த விடுமுறையில் கல்முனைப் பக்கம் செல்லும் குடும்பங்கள் மருதமுனையில் சற்றே இறங்கி, தறியொன்றைக் கண்ணாற் கண்டு, ஒரு சேலையோ சாரமோ வாங்கி வருக. வாங்கும்போதே அதன் சாயம் எத்தகையது, முதல் நனைப்பு எவ்வாறு என்று நெய்தவரிடமே கேளுங்கள். அவர்கள் மகிழ்ந்து சொல்வார்கள். விலை கேட்போர் நாள்தோறும் வருகிறார்கள். துணியைப் பேணும் வழி கேட்போர் சிலரே. அவ்வழியை அறிந்து அலசப்படும் சேலை பல்லாண்டு நிற்கும். அது கிழிந்த பின்னும் அவ்வீட்டார் மீண்டும் அதே தறியைத் தேடிச் செல்வர்.